நாற்பத்தொரு பிரதிகள்

காலை பத்து மணிக்குத் திருத்திய பிழை, பத்தரைக்கெல்லாம் பழைய இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. சின்னவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மறுபடி திருத்தினாள், சேமித்தாள், கணினியை அணைத்துப் போட்டாள். பிழை நகரவே இல்லை.

ஏதோ எழுத்துப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளுக்கு மணிக்கு எவ்வளவு டிரிப்ஸ் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டுத் தரும் மென்பொருள் அது. அவளே எழுதியது, யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்தும் பார்க்கலாம். ஒரு கிலோவுக்குக் கீழே எந்த எடையைக் கொடுத்தாலும் அது ஒரு கிலோ என்றே எடுத்துக்கொண்டு தொலைத்தது. அன்று காலையில் அதைப் பிடித்தவள் அவளுடைய அக்கா, குழந்தைகள் வார்டில் நர்ஸ். மூன்றாம் கட்டிலில் எழுநூறு கிராமில் ஒரு பெண் குழந்தை. கணினி சொன்ன அளவு கண்ணை உறுத்தவே, தாளில் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"ரெண்டு மணிக்கு டூட்டி மாறும். வர்றவகிட்ட நான் சொல்லிடுவேன். அதுக்கப்புறம் வர்றவ கம்ப்யூட்டர் சொல்றதைத்தான் ஏத்துவா. சீக்கிரம் சரி பண்ணுடி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இந்த மென்பொருளை ஓரிடத்தில் வைத்து எல்லோருக்கும் வழங்குகிற ஏற்பாடு கிடையாது. வாங்கியவர்களே அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். ஒருவர் கணினியிலிருந்து கொஞ்சம், இன்னொருவரிடமிருந்து கொஞ்சம் என்று டோரன்ட் என்கிற பகிர்வு முறையில் துண்டு துண்டாகப் போய்ச் சேரும். நாற்பத்தொரு இடங்களில் இருப்பதாகப் பகிர்வுத் திரை காட்டும். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் சின்னவளுக்கு உச்சி குளிர்ந்துபோகும். அதனாலேயே தவறை ஊரறியச் சொல்ல வாய் வரவில்லை. புதுப் பதிப்பு என்று அறிவித்தால் ஏன், எதற்கு என்று கேட்பார்களே! அதே பெயர், அதே பதிப்பு எண், உள்ளே ஒரே ஒரு வரியை மட்டும் காதும் காதும் வைத்தாற்போல் மாற்றிவிடலாம் என்று பார்த்தாள். கெட்டிக்காரிதான், போங்கள்.

நாலாவது முறையும் பிழை திரும்பியபோது அவளுக்குத் தாடியின்மேல் சந்தேகம் வந்தது. தாடி என்பவன் அவளோடு வேலை பார்ப்பவன். பகிர்வு ஏற்பாட்டை அமைத்துக் கொடுத்தவன். அவள் கணினிக்குள் நுழைய அவனுக்கும் வழி உண்டு. போன் போட்டு, குழந்தைகள் உயிரோடு என்ன விளையாட்டு என்று காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினாள். எந்தக் கோப்பைத் திருத்தினாய் என்று மட்டும் கேட்டான். பகிர்வில் இருந்த அதே கோப்பைத்தான் என்றாள்.

"அந்தக் கோப்புக்கு முத்திரை வச்சதே நீதான். ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை ஒத்துப் போகாது. உன் காப்பி கெட்டுப்போச்சுன்னு நினைச்சு, மத்தவங்ககிட்ட இருந்து பழையதை வாங்கி, உன் கம்ப்யூட்டரே அதைச் சரி பண்ணி வச்சிருக்கு."

"நான்தானே எழுதினேன்?"

"அது அதுக்கு எப்படித் தெரியும்?"

சின்னவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவளுடைய தவறை நாற்பத்தொரு பேர் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள், அவளிடமிருந்தே.

வேறு வழியில்லை. பழையதைப் பகிர்வதை நிறுத்தினாள். புதுப் பதிப்பு போட்டாள். பயன்படுத்துகிறவர்களின் மடல் குழுவுக்கு எழுதினாள்: தவறு என்னுடையது, பழையதை உடனே அழித்துவிடுங்கள். ஒன்றேமுக்காலுக்கு அக்காவின் வார்டு கணினி புதுப் பதிப்புக்கு மாறிவிட்டது. பழையதின் எண்ணிக்கை முப்பதாகி, பன்னிரண்டாகி, சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்றில் வந்து நின்றது. அதற்குப் பிறகு அசையவில்லை.

அக்கா வீடு திரும்பிக் கூப்பிட்டாள். மூன்றாம் கட்டில் குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்றாள். சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"எல்லாரும் மாத்திட்டாங்களா?"

"ஒருத்தர் மட்டும் மாத்தலக்கா. யாரு, எந்த ஊருன்னு ஒண்ணும் புரியல. மடலையே பாக்கலையோ என்னவோ."

"சும்மா மூலையில கிடக்குற கம்ப்யூட்டரா இருக்கும்."

"இருக்கலாம்."

"வார்டாவும் இருக்கலாம்" என்றாள் அக்கா.

சின்னவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். திரையில் ஒன்று இரண்டானது. யாரோ ஒருவர் புதிதாக வந்து, அந்தக் கடைசிக் கணினியிலிருந்து பழையதைத் துண்டு துண்டாக இறக்கிக்கொண்டிருந்தார்.

"எடுக்காதீங்க" என்றாள் சின்னவள். "எடுக்காதீங்க, அது தப்பு."

"யார்கிட்டடி பேசுற?" என்று கேட்டாள் அக்கா.