பேராச்சி கேட்ட வரம்

மும்பை மாட்டுங்காவில் இருந்த அந்தக் கல்லூரியில், தாண்டல் போட்டிகளில் கலந்துகொள்ளும் பெண்களுக்கென்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு இடம்தான். விண்ணப்பித்தவர்கள் பதினொரு பேர். மற்ற ஒன்பது பேரைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று தாராவியில் இருந்த பேராச்சிக்கும் தெரியும், பரீஹாவுக்கும் தெரியும். இடம் இவர்கள் இருவரில் ஒருத்திக்குத்தான்.

எட்டாம் வகுப்பிலிருந்து இருவரும் சேர்ந்தே டிரிபிள் ஜம்ப் பழகினார்கள். ஓடிவந்து ஒற்றைக் காலில் ஒரு தாவல், மறுகாலுக்கு ஓர் எட்டு, பிறகு மணலுக்குள் ஒரு பாய்ச்சல். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே பாதியைக் கற்றுக்கொண்டார்கள். பேராச்சி நன்றாகத் தாண்டுவாள். பரீஹா எப்போதும் ஒரு சாண் அதிகம் தாண்டுவாள். அந்த ஒரு சாணைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

பேராச்சிக்குச் சாமி பேர். அவர்கள் சந்தின் முனையில் இருந்த பேராச்சியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறமாட்டாள். பரீட்சையானாலும் பந்தயமானாலும், 'நல்லபடியா செய்யணும் தாயே' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். கல்லூரியின் தாண்டல் தேர்வுக்கு முந்தின வெள்ளியன்று மட்டும் கற்பூரம் எரியும்போது வேறு வார்த்தை வந்துவிட்டது.

'அவளுக்கு ஒரு தடவை கால் பிசகணும்.'

கண்ணைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் கேட்டதைத் திருப்பி வாங்கவும் இல்லை. திருநீற்றைப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கள்கிழமை காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. முதல் தாண்டலில் பரீஹா பதினொன்று முப்பத்திரண்டு மீட்டர். பேராச்சி பதினொன்று பதினாலு. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. இரண்டாவது முறை ஓடிவந்த பரீஹா, எட்டு வைத்த இடத்தில் பாதம் மடங்கிச் சரிந்தாள். முதலில் ஓடிப்போய்த் தாங்கியவள் பேராச்சிதான். கணுக்கால் கண்முன்னே வீங்கியது. ஆசிரியை ஒருவர் ஆட்டோ பிடித்தார். பேராச்சியும் ஏறப் போனாள்.

"நீ எங்க வாரே? உனக்கு இன்னும் ரெண்டு சான்ஸ் இருக்கு. போயி தாண்டு, போ" என்றாள் பரீஹா, பல்லைக் கடித்துக்கொண்டு.

பேராச்சி தாண்டினாள். மூன்றாவது முறை பதினொன்று முப்பத்தெட்டு. அவள் வாழ்நாளில் அவ்வளவு தூரம் தாண்டியதில்லை. இடம் அவளுக்கே என்று அன்று மத்தியானமே சொல்லிவிட்டார்கள்.

பெல்ட் பட்டறையிலிருந்து அப்பா வானமாமலை சீக்கிரமே வந்து, சந்து முழுக்கப் பேடா கொடுத்தார். "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று அம்மா வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். அதைக் கேட்கப் பொறுக்காமல் பேராச்சி உள்ளே போய்விட்டாள். சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் பரீஹாவின் வீட்டுக்குப் போனாள். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்தாள் பரீஹா. உம்மா டீ போட உள்ளே போனதும் பேராச்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

பரீஹா தலையணைமேல் இருந்த காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.

"ஓடுபாதை ஈரமா கெடந்துச்சு. நான் பாக்காம மிதிச்சேன். அதுக்குப் போயி உன் சாமிய ஏன்டி இழுக்கே?"

"இருந்தாலும் நான் கேட்டேன்லா."

"ஆமா, கேட்டே. கால் வலி பெருசில்லை பேராச்சி. நீ கேட்டியே, அதுதான் வலிக்கி."

"அந்த இடம் எனக்கு வேண்டாம். எழுதிக் கொடுத்திருதேன்."

"பாகல் மாதிரி, பைத்தியக்காரி மாதிரி பேசாதே. நீ விட்டா எனக்கா தருவாங்க? மூணு தடவையும் தாண்டாதவளை லிஸ்ட்லயே சேக்கல. லிஸ்ட்ல அடுத்து நிக்கவ ஹை ஜம்ப்காரி. பெரிய தியாகியா ஆவணும்னு பாக்காதே. எந்திரிச்சுப் போ."

டீயைக் குடிக்காமலே பேராச்சி எழுந்து வந்தாள்.

அடுத்த வெள்ளி கோயிலில் நின்றாள். என்ன கேட்பதென்று தெரியவில்லை. 'தப்பாக் கேட்டுட்டேன்' என்று மட்டும் சொன்னாள். அம்மனின் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. இனி இங்கே நின்று பயனில்லை, செய்ய வேண்டியது வேறு எங்கோ இருக்கிறது என்று தோன்றியது.

பரீஹா மார்க்கை வைத்துச் செம்பூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். வாரம் மூன்று நாள் கல்லூரி முடிந்து, சயானில் காலுக்குப் பயிற்சி எடுக்கப் போகவேண்டும். உம்மா வேலைக்குப் போகிறவள்; கூடப் போக ஆளில்லை. விஷயம் தெரிந்ததும் பேராச்சி சயான் ஸ்டேஷனில் போய் நின்றாள். பரீஹா அவளைப் பார்த்தும் நிற்காமல் நடந்தாள். பேராச்சி பையை வாங்கிக்கொண்டாள். படியில் ஏறும்போது ஒரு படி கீழேயே வந்தாள். இப்படி மூன்று வாரம், ஒரு வார்த்தை இல்லாமல். ஒருநாள் மழையில் ரயில் நின்றுபோய்ப் பரீஹா ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தாள். பேராச்சி நனைந்துபோய் அங்கேயே நின்றிருந்தாள்.

"வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதானே?"

"எப்படிப் போவேன்?"

"சரி, சல், போவோம். டாக்டர் போயிருவாரு" என்றாள் பரீஹா. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. பழைய மாதிரி இல்லை. ரயிலைப் பற்றி, பாடத்தைப் பற்றி, காலைப் பற்றி.

டிசம்பரில் கல்லூரிகளுக்கிடையே போட்டி. பேராச்சி இரண்டாவதாக வந்தாள். இரண்டே வாரப் பயிற்சியோடு இறங்கிய பரீஹா ஐந்தாவது. கால் தாங்கியதே பெரிது என்று அவளுக்குச் சந்தோஷம். தண்ணீர்க் குழாயடியில் இருவரும் எதிர்ப்பட்டார்கள்.

"உன் எட்டு குட்டையா விழுது. வீடியோ எடுத்திருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் மைதானத்துக்கு வா, காட்டுதேன்" என்றாள் பரீஹா.

பேராச்சி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "என்னை மன்னிச்சிட்டியாட்டி?"

பரீஹா முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். யோசித்துத்தான் சொன்னாள்.

"தெரியலை. அப்பப்போ ஞாபகம் வருது, கோவமும் வருது. நீ ஆறு மணிக்கு வந்துரு."

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே பேராச்சி மைதானத்தில் இருந்தாள். பரீஹா ஆறேகாலுக்கு வந்தாள்.