ஏகமனதாக

“மேனேஜர் பதவி எனக்கு வேணும்.”

கமிட்டியில் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா தலைதலையாய் அடித்துக்கொண்டும் நாகஜோதி கேட்டே விட்டாள். பழனிசெட்டிபட்டி பெண்கள் கபடிக் குழுவுக்காக ஆறு வருஷம் ரெய்டு போனவள். யார் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்று மேனேஜர் சொல்லும்வரை கோட்டுக்கு வெளியே காத்துக் கிடந்தவள். முழங்கால் போனபின் கமிட்டிக்குத் தீர்மானப் புத்தகம் எழுதுகிறாள். அவள் வீட்டில் முதல் பட்டதாரி, அதுவும் உடற்கல்வியில்.

தலைவர் சுருளிராஜன் வடையைப் பிட்டார். “ஏத்தா, நீ நம்ம வீட்டுப் பிள்ளை. உனக்கெதுக்குப் பதவி? மருமக பாத்துக்கிருவா.”

அவருடைய மருமகள் மகிமா நாகஜோதியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். மைதானத்தில் செருப்பைக் கழற்றியதே இல்லை. போன மாதம் கமிட்டியில் சேர்த்தார்கள். இன்றைக்கு, முதுகில் ‘மேனேஜர்’ என்று எழுதிய நீலச் சட்டை தைத்து அவள் மடிக்கே வந்துவிட்டது. நாகஜோதியின் கண் அதைவிட்டு நகரவில்லை.

“போனஸ் லைன் எங்கன இருக்குன்னு தெரியுமாடி உனக்கு?”

“தெரியாது ஜோதி. நீதான் கூட இருக்கியே, சொல்லிக்குடு.”

அவள் சண்டைக்கு வந்திருந்தால்கூட இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

“பொறாமையில பேசுது புள்ள,” என்றார் பொருளாளர் பால்பாண்டி.

“பொறாமதான். இல்லைன்னு யாரு சொன்னா?”

“சரி சரி, மாவட்டச் சங்கத்துல இன்னைக்கே பேரு கேட்டாக. கையெழுத்தப் போடுங்கப்பா,” என்றார் தலைவர்.

தீர்மானப் புத்தகம் கைமாறியது. இந்தக் கமிட்டியின் வழக்கம் அது. வெறும் பக்கத்தின் அடியில் எல்லாரும் முதலில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மேலே எழுதுவதும், படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்புவதும் நாகஜோதி. யாரும் படித்துப் பார்த்ததில்லை.

மகிமா கடைசியாகப் பச்சை மையில் கையெழுத்திட்டு நீட்டினாள். “அழகா எழுது ஜோதி.”

அழகாகத்தான் எழுதினாள். குழு மேலாளராக நாகஜோதி, பி.பி.எட்., ஏகமனதாகத் தேர்வு. முன்மொழிந்தவர் சுருளிராஜன். வழிமொழிந்தவர் என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. மகிமா என்று எழுதி முடித்ததும் வயிறு குளிர்ந்தது.

படமெடுத்து அனுப்பினாள். இரண்டு நீல டிக் விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதியாச்சாத்தா?” தலைவர் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

“ஆச்சு. எப்பவும் போல ஏகமனதாத்தான்.”

எழுந்தவள் மகிமாவின் மடியிலிருந்த நீலச் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“ஏ, அது என் அளவுடி.”

“பிரிச்சுத் தச்சுக்கிறேன்,” என்றபடி படியிறங்கினாள்.