அனுசியா வீட்டு வெட்டுத்துணிப் பை

1.

இந்தக் கதை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் தனியார் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. முன் சீட்டுப் பெண் இடது கையால் ரூபாயை நீட்டினார். கண்டக்டர் வாங்கவில்லை.

"யக்கா, காலையிலேயே எடது கையாலயா நீட்டுவிய?"

"வலது கை மடங்கலண்ணே. மடங்குனதும் சொல்லி அனுப்புதேன்."

பஸ்ஸே சிரித்தது. நான் அந்தக் கையைப் பார்த்தேன். உள்ளங்கையில் தையல். ஆள்காட்டி விரல் குச்சியாக நீண்டு நின்றது.

பேச்சுக் கொடுத்து, போன் நம்பரும் வாங்கிக்கொண்டேன். பெயர் பாண்டிசெல்வி. சேத்தூர்க்காரர். ராஜபாளையத்தில் வீடு வீடாகக் குப்பை வாங்கும் தூய்மைப் பணியாளர். ஒரு குப்பைப் பைக்குள் இருந்த கண்ணாடி விரல் நரம்பை அறுத்துவிட்டது. விரல் மடங்காவிட்டால் வண்டி தள்ள முடியாது, வேலை போய்விடும். டாக்டர் "பார்ப்போம்" என்றிருக்கிறார்.

2.

வாரப் பத்திரிகையில் கொலை எழுதிப் பிழைக்கிறவன் நான். வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன்:

'தெருமுனையில் ரத்தம். பொட்டலத்தை வீசியவனின் நிழல் மெல்ல'

அந்த வரியை அடித்துவிட்டேன். நிழலை வைத்து நான் என்ன செய்வது? எனக்கு ஆள் வேண்டும். வில்லன் இல்லாமல் இரண்டாம் பக்கம் எனக்கு நகராது. பாண்டிசெல்விக்கே போன் போட்டேன்.

"எந்த வீட்டுப் பைன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? அனுசியாக்கா வீட்டுது."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"எப்படி சார் கேக்க? அந்தத் தெருவுலயே 'சாப்ட்டியாட்டி'ன்னு கேக்கது அவிய மட்டுந்தான்."

வில்லன் அத்தோடு செத்தான்.

3.

அனுசியா வீட்டுக்குப் போனேன்.*

(* கதையில் பொய் சொல்வது என் தொழில். அந்த வீட்டுக் கேட்டின் நிறத்தைக்கூட மாற்றியிருப்பேன். பையை மட்டும் மாற்றவில்லை.)

தளவாய்புரம் கம்பெனிக்கு நைட்டி தைத்துக் கொடுப்பவர். மிஷினில் உட்கார்ந்தபடியே அவர்தான் முதலில் கேட்டார்:

"பாண்டிசெல்வி ஏன் சார் வேலைக்கு வரல? காய்ச்சலா?"

அவருக்குத் தெரியாது! நான் தயாரித்து வைத்திருந்த கேள்விகளை மடித்து வைத்தேன். பொதுவாகக் கண்ணாடியைப் பற்றி விசாரித்தேன்.

"வெள்ளிக்கிழமை முகம் பாக்குற கண்ணாடி ஒடைஞ்சிருச்சு சார். ஒடஞ்சத வெளக்கு வைக்கதுக்குள்ள வெளியேத்திரணும்லா? கண்ணாடி வாங்குற வண்டி மாசக் கடைசியிலதான் வரும். அம்புட்டு நாளும் வீட்டுக்குள்ள வைக்கச் சொல்லுதியளா?"

"அதனால?"

"அவ கையில குத்திரக் கூடாதுன்னு வெட்டுத்துணியில நல்லாச் சுத்தி, பையில போட்டுக் கட்டிக் குடுத்தேன்."

இந்த இடத்தில் நீங்களும் கொஞ்சம் நில்லுங்கள். அந்த வீட்டிலிருந்து தினமும் போவது, தையலில் மிஞ்சிய துண்டுகள் அடைத்த வெட்டுத்துணிப் பை. மெத்தென்று இருக்கும். வண்டியில் இடம் போதாமல் பாண்டிசெல்வி தினமும் அதை உள்ளங்கையால் அமுக்குவார். அன்றும் அமுக்கியிருக்கிறார். துணி சுற்றாமல் இருந்திருந்தால் கண்ணாடி கண்ணில் பட்டிருக்கும்.

பாண்டிசெல்வியின் கைக்கு நடந்ததை அனுசியாவிடம் சொன்னேன். மிஷின் நின்றது.

"அப்ப நான் என்னதான் சார் செஞ்சிருக்கணும்?"

(இங்கே ஒரு கட்டுரை வர வேண்டும். தனியாகச் சேரும் கண்ணாடி உருகி மறுபடி பாட்டிலாகும். சாம்பார் சாதத்தோடு கலந்தது குப்பை மேட்டுக்குப் போகும் என்று தொடங்கி... அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கட்டுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

"தனியா, பாத்ததும் தெரியுற மாதிரி வைக்கணும். வீட்டுக்கு வெளியேன்னாலும் சரி."

4.

முடிவு அ: விரல் மடங்குகிறது. தெரு முழுக்க ஒவ்வொரு கேட்டிலும் கண்ணாடி போடும் டப்பா. பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கே நம்பிக்கை இல்லை.

முடிவு ஆ: விரல் மட

இல்லை. இதை எழுத மாட்டேன்.

நடந்தவரை சொல்கிறேன். அனுசியா தன் கேட்டுக்கு வெளியே ஓர் எண்ணெய்த் தகர டப்பாவைக் கட்டி, கண்ணாடிக்கு மட்டும் என்று வைத்தார். "வாசல்ல போயி ஒடஞ்ச கண்ணாடியத் தொங்க விடுவாளாட்டி ஒருத்தி" என்றார் பக்கத்து வீட்டு ஜெயபாய். மறுநாள் தகரத்தில் இரண்டு மருந்து பாட்டில்களும் ஒரு பழைய செருப்பும் கிடந்தன.

அதற்கடுத்த வாரம் திங்கட்கிழமை பாண்டிசெல்வி வேலைக்கு வந்துவிட்டார். விரல் இன்னும் மடங்கவில்லை; வண்டியை இடது கையால் தள்ளுகிறார். அனுசியா வீட்டைத் தாண்டி, அடுத்தடுத்த வீடுகளைத் தாண்டி, இப்போது உங்கள் வாசலில் நிற்கிறார். நீங்கள் கொடுத்த பை மெத்தென்று இருக்கிறது. வண்டியில் இடம் இல்லை. உள்ளங்கையை அதன் மேல் வைத்துவிட்டார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கட்டியவர் நீங்கள்.