கண்மாய்க்குள் போட்ட ரோடு

"எந்தப் பய கம்மாய்க்குள்ள ரோடு போட்டான்னு தெரியல! ஆம்புலன்ஸ்காரன் போனைக் காட்டுறான். மேப்புல நேரா ரோடுன்னு கெடக்கு!"

பந்தல்காலுக்குக் குழி தோண்டியபடி அருள்முருகன் வாசலில் கத்திக்கொண்டிருந்தான். புருஷனின் தலைமாட்டில் இருந்த ராமலெட்சுமி எழுந்து வெளியே ஓடினாள். துக்கம் தாங்காமல் ஓடுகிறாள் என்று நினைத்து இரண்டு பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். அவள் ஓடியது கொழுந்தனின் வாயை அடைக்க.

"தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்தப் பேச்சை விடுங்க. உள்ள பிரியா இருக்கா."

"அவ இருந்தா என்ன மதினி?" என்றான். அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. கடப்பாரையைக் கீழே போட்டான். "ஐயையோ. நம்ம பிள்ளையா?"

அவள்தான். போன வருஷம் ஸ்கூலில் அவரவர் ஊர் வரைபடம் போடச் சொன்னார்கள். முதலில் சார்ட்டில் கையால் வரைய வேண்டும், பிறகு போனில் இருக்கிற மேப்பில் ஏற்ற வேண்டும். பங்குனி வெயிலில் கண்மாய் காய்ந்து கிடந்தது. ராமலெட்சுமியின் புருஷன் குருநாதன் மகளைப் பைக்கில் வைத்து அதற்குள்ளேயே குறுக்கே ஓட்டினார். பின்னால் உட்கார்ந்து அவள் பிடித்திருந்த போனில் கோடு நீண்டுகொண்டே வந்தது.

"இதையும் ரோடுன்னு போடு ஆத்தா. ஊரே இதுலதான போகுது" என்று சொன்னவரே அவர்தான். அது எல்லார் போனிலும் தெரிய ஆரம்பித்ததும், எம்மக போட்ட ரோடு என்று டீக்கடையில் காட்டாத ஆள் இல்லை. சார்ட்டில் அவள் கண்மாய்க்கு நீலம் அடித்து, லாரிக்காரர்கள் மண் அள்ளிய குழிகளைக் கறுப்பு வட்டமாகப் போட்டிருந்தாள். குழியெல்லாமா வரைவாக என்று அதற்கு மட்டும் சிரித்தார். சார்ட் இன்னும் உள்சுவரில் தொங்குகிறது.

இப்போது ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்துவிட்டது.

காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சாய்ந்ததும், வண்டியைப் பார்க்க அருள்முருகன் கரைக்கு ஓடினான். அங்கிருந்து போன் செய்தான். "மதினி, வண்டி அக்கரையில நிக்குது. நடுவுல தண்ணி. குழி எங்கன கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? சுத்தித்தான் வரணும்." பிரியா அய்யாவின் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை காதில் விழுந்தால் உடைந்துபோவாளே என்று ராமலெட்சுமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "வந்துக்கிட்டே இருக்காம்த்தா, தேயி" என்றாள்.

வண்டி முதுகுளத்தூர் ரோட்டைச் சுற்றி வாசலுக்கு வந்தபோது அவர் கண் செருகிவிட்டது.

ராமலெட்சுமி உள்ளே வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள். மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டி எந்த வழியாம்மா வந்துச்சு?"

"மெயின் ரோட்டுலதான். டயர் பஞ்சராம்."

பிரியா தலையாட்டினாள். சுவரில் தொங்கிய சார்ட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நம்பிவிட்டாள் என்று ராமலெட்சுமிக்கு மூச்சு வந்தது. புருஷன் செத்துக் கிடக்கையில் இப்படி ஒரு நிம்மதியா என்று தன்மேலேயே வெறுப்பும் வந்தது.

மத்தியானம் நீர்மாலைக்குக் கிளம்பினார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் அந்தக் கண்மாயிலிருந்துதான் வர வேண்டும். ஒற்றைப் பிள்ளை என்று பிரியா கையில் குடத்தைக் கொடுத்தார்கள். "நீ போக வேணாம்த்தா" என்று ராமலெட்சுமி சொன்னதை, அழுகையோடு அழுகையாக யாரும் காதில் வாங்கவில்லை.

வெகு நேரம் ஆயிற்று. குலவைச் சத்தம் முதலில் வந்தது, பிறகு நாலு முனையும் பிடித்த வெள்ளைத் துணி. துணிக்குக் கீழே எல்லாருக்கும் கணுக்கால்தான் நனைந்திருந்தது. பிரியாவுக்குப் பாவாடை முழுக்கச் சேறும் தண்ணியுமாக ஒட்டிக் கிடந்தது.

"கூப்பிடக் கூப்பிட எறங்கிப் போயிட்டா மதினி" என்றான் அருள்முருகன். "அக்கரைக்குப் போயித் திரும்பி வந்தா. நாங்க கரையில நின்னு கத்துறோம், அவ பாட்டுக்கு வளைஞ்சு வளைஞ்சு நடக்குறா."

பிரியா குடத்தை இறக்கி வைத்தாள். அம்மாவுக்கு முன்னால் வந்து நின்று, இடுப்பில் கையை வைத்துக் காட்டினாள்.

"இம்புட்டுத்தாம்மா தண்ணி. குழி எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல. கட்டிலோட தூக்கிட்டுப் போயிருக்கலாம்." அவள் குரல் உயரவே இல்லை. "வண்டி அக்கரையில நிக்குதுன்னு ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

கூடத்தில் ஒப்பாரி அடங்கியது.

ராமலெட்சுமி குனிந்து மகளின் பாவாடை விளிம்பைச் சேர்த்துப் பிடித்துப் பிழிந்தாள். செம்மண் தண்ணீர் தரையில் ஓடியது. மறுபடி பிழிந்தாள். குளிப்பாட்டத் தூக்க வேண்டும், நகருங்கள் என்று யாரோ சொன்னார்கள். தண்ணீர் நின்ற பிறகும் அவள் பிழிந்துகொண்டே இருந்தாள்.