செவ்வாய்க்கிழமை அட்டை

கட்டிலின் கடைசித் திருகு மட்டும் அசைய மாட்டேன் என்றது. வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில். கிழவரின் மனைவி அதில்தான் கிடந்தாள்; காலையில்தான் அவளை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். "நாளைக்குக் கழட்டிக்கலாம்ப்பா" என்று மகள் இரண்டு தரம் சொல்லிவிட்டாள். கிழவர் காதில் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஸ்பானரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கைக்கு வேலை இல்லாவிட்டால் மனுஷர் முகத்தைப் பார்த்துத் தொலைக்க வேண்டும்.

அப்போதுதான் அட்டைக்காரி வந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். அந்தப் பெயரை வைத்தது கிழவரின் மனைவிதான். புது மருந்தை ஏற்றி வீட்டுக்கு அனுப்பியபோது ஒரு கட்டு அட்டைகளைக் கையில் கொடுத்தவள் இவள். அட்டைக்கு நாலு வட்டம். ஒருநாள் விட்டு ஒருநாள் விரலில் குத்தி, நாலையும் ரத்தத்தால் நிரப்பி, காயவைத்து அனுப்ப வேண்டும். இந்த மருந்தால் சிலருக்கு உடம்பு தன் மேலேயே பாய்ந்துவிடுமாம். அதற்கு முன்னால் ரத்தத்தில் ஒரு புரதம் அபாயச் சேதியைத் தூக்கிக்கொண்டு ஓடுமாம். அதைப் பிடிக்கத்தான் ஆய்வுக்கூடத்துக் குப்பியில் இருக்கிற ஆன்டிபாடி.

"அது வேற எதையும் தொடாதுங்கய்யா. அந்தப் புரதம் இருந்தா மட்டும் ஒட்டிக்கும். நாங்க ஊத்துற தண்ணி மஞ்சளாயிடும். இல்லன்னா பச்சத்தண்ணிதான்" என்று அன்றைக்கு விளக்கினாள்.

"யாரு ரத்தம்னு அதுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் கிழவர்.

அவள் சிரித்துவிட்டாள். "அது தெரியாதுங்க. அதுக்குத்தான் மேல பேர் எழுதுறோம்."

முப்பது வருஷம் லாரி எடை மேடையில் இருந்தவர் அவர். சரக்கு எடையைக் கூட்டிக் காட்ட லாரிக்குள் இரண்டு ஆளைப் படுக்கவைத்து எடை போட்டு, காலி வண்டியை எடை போடும் முன் இறக்கிவிடுகிற ஆட்களை எல்லாம் பார்த்தவர். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'சந்தேகம்'. ஒரு சொட்டு ரத்தம் ஊர்க்கதை சொல்லும் என்றால் அவர் நம்பிவிடுவாரா?

செவ்வாய்க்கிழமை மனைவியின் விரல்களெல்லாம் வீங்கிக் கன்றிப்போயிருந்தன. "இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க" என்றாள். வெறும் அட்டையை அனுப்பினால் மகள் குதிப்பாள். கிழவர் தன் விரலில் குத்தி நாலு வட்டத்தையும் நிரப்பினார்.

"உங்க ரத்தத்துல சந்தேகம்தான் ஓடும், பாவம் அந்தப் பொண்ணு" என்று அவள் சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம் அட்டைக்காரியிடமிருந்து மகளுக்கு போன் வந்தது. எல்லாம் சுத்தமாக இருக்கிறதாம். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வெட்கக்கேடு என்னவென்றால், கிழவருக்கும் உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்துவிட்டது. தான் செய்த பித்தலாட்டத்தைத் தானே நம்பினார். சாயங்காலம் மனைவிக்குக் குளிர் தூக்கிப்போட்டது. "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமாப்பா?" என்று மகள் கேட்டாள். "அதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்கல்ல? போர்த்திவிடு" என்றார். போர்த்திவிட்டார்கள். விடிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்று வந்த அட்டைக்காரி உட்காரவில்லை. சுவரோரமாக நின்றாள்.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள் மகள். "குளிர் வந்தப்பவே தூக்கிட்டு ஓடியிருப்பேன். உங்க பேச்சை நம்பித்தான் அம்மாவைப் பறிகொடுத்தேன்."

"தெரியும்க்கா" என்றாள் அட்டைக்காரி. "அன்னிக்குப் புதுசா வந்த குப்பியத் திறந்தேன். பழைய குப்பியோட ஒத்துப் பார்த்துட்டுத்தான் போடணும். அவசரத்துல பார்க்கல. அந்த ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்கணும், இல்லன்னா அவ்வளவு சுத்தமா வராது. என் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். நாளைக்குக் கூப்பிட்டிருக்காங்க. வேலை போயிடும். போகட்டும். உங்ககிட்ட நேர்ல சொல்லாம இருக்க முடியல."

ஸ்பானர் நழுவிக் கட்டில் சட்டத்தில் மோதியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அந்தப் பெண் போய்விடுவாள், யாருக்கும் தெரியப்போவதில்லை. கிழவர் இதையும் நினைத்துப் பார்த்தார். நினைத்தோமே என்று உடம்பு கூசியது.

"குப்பி மேல தப்பு இல்லம்மா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "அந்தச் செவ்வாய்க்கிழமை அட்டை என்னுது."

"என்னங்கய்யா?"

"ரத்தம் என்னுது. பேரு அவளோடது."

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"குளிர் வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமேங்கய்யா" என்றாள் அட்டைக்காரி, மிக மெதுவாக.

"சொல்லியிருக்கலாம்."

அவள் மகளின் தோளைத் தொடக் கை நீட்டி, தொடாமலே வாசலுக்குப் போனாள். கிழவர் கட்டில் காலைப் பிடித்து எழுந்தார். மகளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பக்கத்து வீட்டுத் தையல்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கிழவரின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் கண்ணுக்குள்ள வெச்சுப் பார்த்துக்கிட்டீங்கண்ணே. உங்கள மாதிரி எவன் பார்ப்பான்? நீயே சொல்லும்மா."

மகள் தையல்காரரின் காலடியைப் பார்த்தாள். சுவரோரம் கிடந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சித்தப்பா" என்றாள்.

தையல்காரர் உட்கார்ந்தார். கிழவர் நின்றுகொண்டிருந்தார்.