வெந்நீரக்காவின் கால்கள்

அந்தச் சபையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்பமும் திராட்சைரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து. அதற்கு முன்னால் ஒருவர் காலை இன்னொருவர் கழுவிவிட வேண்டும். ஆண்கள் கூடத்தில், பெண்கள் பக்கத்து அறையில். கழுவப்படாதவர்களுக்கு ஆண்டவரிடத்தில் பங்கில்லை என்று பாஸ்டர் ஒவ்வொரு முறையும் மேசையைத் தட்டிச் சொல்வார். பெண்களோ ஒருபடி மேலே போய், வீட்டிலேயே குதிகாலைத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் போட்டுக்கொண்டு வருவார்கள். பேசினில் ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே தெளிவாக வெளியே போகும். இது வெந்நீரக்காவுக்கு மட்டும்தான் தெரியும். கொட்டுவது அவள்தானே.

அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது. வெந்நீர்க் கெட்டில் கைக்கு வந்த பிறகு அதைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. முன்பெல்லாம் எதிர்வீட்டு அக்காதான் அவளுக்கு ஜோடி. அந்த அக்கா மகளோடு ஊர் மாறிப் போனபின் வந்த திருவிருந்தில், கண் மூடித் திறப்பதற்குள் எல்லோரும் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் துண்டும் கையுமாக நட்டநடுவே நின்றாள். "யாராவது இவங்களையும் சேத்துக்கங்களேன்" என்று பாஸ்டரம்மா குரல் கொடுத்தார், பஸ்ஸில் இடம் கேட்பது போல. யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அன்றைய வெட்கம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த முறை அவளே முந்திக்கொண்டு தண்ணீர் சுடவைக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலையாக இருப்பவளிடம் உன் ஜோடி எங்கே என்று யார் கேட்கப்போகிறார்கள்? "வெந்நீரக்கா இல்லன்னா நமக்கெல்லாம் குளிர்ஜுரம்தான்" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். கூடத்தில் அப்பத்தட்டு கைக்கு வரும்போதுதான் சங்கடம். கழுவாத காலோடு எடுக்கிறோமே என்று ஒரு பயம், எடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே என்று இன்னொரு பயம். வருஷக்கணக்கில் இப்படியே விழுங்கிவிட்டாள். இந்த முறை தட்டு வந்தால் எடுப்பதில்லை, யார் என்ன கேட்டாலும் சரி என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள்.

எல்லோரும் கூடத்துக்குப் போய்விட்டார்கள். தரையைத் துடைத்துவிட்டுத் தன் காலைப் பார்த்தாள். வெடிப்பெல்லாம் அழுக்கு. ஒரு பேசினை இழுத்துப்போட்டு, உட்கார்ந்து, தானே கழுவத் தொடங்கினாள். பாதியில் கை நின்றுவிட்டது. தன் காலைத் தானே கழுவினால் அதற்குப் பெயர் குளியல்.

அந்த நேரம் பார்த்து, நாற்காலியில் மறந்துவைத்த பாட்டுப் புத்தகத்தை எடுக்க பாஸ்டரம்மா உள்ளே வந்தார். "என்னக்கா, தனியா என்ன பண்றீங்க?"

வெந்நீரக்கா கையும் களவுமாக அகப்பட்டவளாகக் காலை இழுத்துக்கொண்டாள். ஆனால் விஷயத்தை மறைக்கத் தோன்றவில்லை. "எனக்கு யாரும் கழுவலம்மா. ஜோடி இல்லன்னு தெரியக் கூடாதுன்னுதான் கெட்டிலைத் தூக்கிக்கிட்டு அலையறேன்."

பாஸ்டரம்மா கதவைச் சாத்தினார். "நீங்கள்லாம் கால் கழுவுறப்ப நான் மட்டும் எதுக்குப் புஸ்தகத்தை வச்சுக்கிட்டு சுத்திச் சுத்திப் பாடறேன்னு நெனக்கிறீங்க? பாஸ்டர் சம்சாரம்னா எல்லாருக்கும் கூச்சம். கல்யாணமாகி வந்ததுலேருந்து ஒருத்தி என்னை ஜோடிக்குக் கூப்பிட்டதில்ல." சொல்லிக்கொண்டே ஈரத் தரையில் உட்கார்ந்தார். "காலைக் குடுங்க."

"ஐயோ, வேண்டாம்மா. யாரு பாக்கப்போறாங்கன்னு வீட்டுல கழுவாமலே வந்துட்டேன். ஒரே அழுக்கு."

"அதுக்குத்தானே தண்ணி?"

வெந்நீரெல்லாம் ஊருக்கு ஊற்றியே தீர்ந்திருந்தது. மிச்சம் பச்சைத் தண்ணீர்தான். சில்லென்று பட்டது. பின்னாலேயே சூடான இரண்டு கைகள் பட்டன. விரலிடுக்கில், வெடிப்பில், கணுக்காலில் அவை நிதானமாகப் போய் வந்தன. வெந்நீரக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். கூடத்தில் பாட்டு எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் தாறுமாறாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு இவள் அவருக்குக் கழுவினாள். இரண்டு பேரும் எழுந்தார்கள். உள்ளே அப்பத்தட்டு வரும் நேரம். வெந்நீரக்கா பழக்கத்தில் பேசினைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனாள். குனிந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாகத் தண்ணீர் கலங்கியிருந்தது. கொட்ட மனசு வரவில்லை.