லியானின் பையில் இருந்த சிவப்புக் காசு

டாக்டர் கிரேபியாக் என் பல் இரண்டைப் பிடுங்கியவர். பிடுங்கும்போது நகைச்சுவை வேறு சொல்வார். அதனால் அவர்மேல் வந்த கோபத்தையெல்லாம் அந்தச் சனிக்கிழமையோடு விட்டுவிட்டேன். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

எங்கள் ஊர் தீயணைப்பு நிலைய மண்டபத்தில் டாக்டரும் மற்ற காசு சேகரிப்பவர்களும் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். பையில் கிடக்கும் விசித்திரமான காசு எதையும் யாரும் கொண்டுபோய்க் காட்டலாம். நானும் ஒரு கால் டாலரைக் கொண்டுபோனேன். விலை கேட்க அல்ல, அதை எப்படிக் கழுவுவது என்று கேட்க.

அது என் அண்ணன் லியானுடையது. ஆலை வேலையை விட்டுவிட்டான் என்று அம்மா ஒரு மாலை அவனைத் திட்டித் தீர்த்தாள். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்றாள். தட்டில் முட்டைக்கோஸ் போட்ட ஹலுஷ்கியை அப்படியே வைத்துவிட்டு அவன் எழுந்து போனான். அன்றிரவே பாலத்தருகே மழையில் அவன் கார் உருண்டது. மறுநாள் போலீஸ்காரர் ஒரு சீப்பையும் லைட்டரையும் இந்தக் காசையும் கொண்டுவந்து தந்தார். காசின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு. ரத்தம் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. தான் சொன்ன சொல்தான் மகனைக் கொன்றது என்று அவள் நினைத்தாள். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனாலும் எங்களுக்குத் தெரியும்.

இப்போது அவளுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. காசைத் தன்னோடு புதைக்க வேண்டுமாம். "அதுக்கு முன்னாடி கழுவிக் குடுடீ. அவன் ரத்தத்தோட அவன் முன்னாடி போய் நிக்க என்னால முடியாது" என்றாள்.

டாக்டர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரத்தம்னு யாரு சொன்னா?"

"எங்க அம்மா."

"ஜோனி, நான் தினமும் ரத்தத்துல கை வெக்கிறவன். ஒரு வாரத்துல அது காபிக் கறை மாதிரி ஆயிடும். இது இன்னும் செர்ரிப் பழமா இருக்கு. பிரஷ் இழுத்த கோடு தெரியுது, பாரு. இது நெயில் பாலிஷ்."

"எங்க அண்ணன் அதெல்லாம் போடுற ஆளில்ல, டாக்டர்."

"அவன் போடல. பார் நடத்துறவங்க காசுக்குப் போட்டது. கடை காலியா இருந்தா, காசு போட்டாப் பாடுற அந்தப் பாட்டுப் பெட்டிய ஓட விடணும்ல? வர்றவங்க கையில சிவப்புக் காசக் குடுத்து பாட்டுப் போடச் சொல்லுவாங்க. பெட்டிக் கம்பெனி ஆளு வந்து திறந்தா, சிவப்ப எல்லாம் கடைக்கே திருப்பிக் குடுத்துட்டு மிச்சத்தத்தான் பங்கு போடுவான். நம்ம பக்கம் பார் வெச்சிருந்த இர்மாதான் இதச் செய்வா."

நான் அங்கிருந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் காபி ஊற்றிக் கொடுத்தார்.

"ஆனா ஒண்ணு" என்றார். "இது பெட்டிக்குள்ள போடத்தான் குடுக்குறது. பாட்டுப் போடாம ஏன் பையில வெச்சுக்கிட்டான்? அத அவகிட்டதான் கேக்கணும்."

இர்மா கடையை மூடிப் பல காலமாகிறது. அதே கட்டடத்தின் மாடியில்தான் இருக்கிறாள். காசைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்தான்" என்றாள். "கடையில ஒரு ஈ காக்கா இல்ல. இதக் குடுத்து ஏதாவது பாட்டுப் போடுடான்னேன். கையிலயே உருட்டிக்கிட்டு இருந்தான். அப்புறம் எழுந்துட்டான். 'நாளைக்கு வந்து போடுறேன் இர்மா. அம்மா சாப்பிடாம உக்காந்திருப்பாங்க, வீட்டுக்குப் போறேன்'னான்."

"இத ஏன் எங்ககிட்டச் சொல்லல?"

"துக்கத்துக்கு வந்தேனே. ஊத்திக் குடுத்தவ உள்ள வரக்கூடாதுன்னு உங்க அப்பா வாசல்லயே நிறுத்திட்டாரு. அவன் அன்னிக்கு ஒரு வாய்கூடக் குடிக்கலடீ."

அவளைக் கையோடு காரில் ஏற்றி அம்மாவிடம் அழைத்துப் போனேன். வரமாட்டேன் என்று சொல்லியிருந்தால் தூக்கிக்கொண்டாவது போயிருப்பேன்.

அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து இர்மா எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், "உங்ககிட்ட வரத்தான் கிளம்பினான், மிஸஸ் ஹவ்ரில்லா" என்றாள்.

அம்மா இர்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிடாமத்தான் உக்காந்திருந்தேன்" என்றாள். "அவன் தட்டுக்கு முன்னாடியே உக்காந்திருந்தேன். இத நான் யார்கிட்டயும் சொல்லல. அவனுக்குத் தெரிஞ்சிருக்கே."